உமிச் சாம்பலும் குடியிருப்போர் சுவரும்

கந்தளாய் குளத்தினாலும் நெல்லினாலும் அறியப்படும் ஊர். அதன் பெருங்குளம் ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனுக்குரியது என்பது வரலாற்றாசிரியர் பலரது கூற்று. திருகோணமலைத் தமிழரின் மரபோ அதனைக் குளக்கோட்டனோடு இணைத்துப் பேசும். கட்டியவர் யாரென்பதிற் கருத்து வேறுபடினும், அக்குளத்து நீரில் விளையும் நெல்லே சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் வாழும் அப்பகுதியின் உயிர்நாடி என்பதில் எவருக்கும் வேறுபாடில்லை. நெல் விளையுமிடத்து ஆலை எழுவதும், ஆலை எழுமிடத்து உமி குவிவதும், உமி எரியுமிடத்துச் சாம்பல் சேர்வதும் இயல்பு. அரிசி சந்தைக்குச் செல்கின்றது, தவிடு தீவனமாகின்றது, சாம்பல் மட்டும் உரிமை கோருவாரற்ற பொருளாய் வெற்றுக் காணிகளிலும் ஓடைக்கரைகளிலும் கொட்டப்படுகின்றது. நாட்டின் நெல்லாலைப் பிரதேசங்கள் அனைத்துக்கும் பொதுவான இந்நிலைமை கந்தளாய்க்கும் புறம்பானதன்று.

கைத்தொழிற் கழிவுகளைக் கட்டடப் பொருள்களாக மாற்றலாம் என்ற கருத்து அண்மைக் காலத்திற் பெருவழக்குப் பெற்றுள்ளது. கருத்தரங்குகளிலும் திட்ட அறிக்கைகளிலும் 'கழிவு யாவும் செல்வமே' என்ற சுலோகம் ஓயாது ஒலிக்கின்றது. இதற்கு எதிர்முனையில், 'சாம்பலிற் கட்டிய வீடு சாம்பலாகவே போகும்' என்று ஏளனஞ் செய்து, புதியது எதனையும் வாசலிலேயே தடுத்து நிறுத்துவோர் உளர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மறுப்பதுபோலத் தோன்றினும் ஓரிடத்தில் உடன்படுகின்றனர். அச்சாம்பலைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்குரியது என்ற வினாவை இருவருமே எழுப்புவதில்லை. முன்னவர் சோதனையின்றி ஏற்கின்றனர். பின்னவர் சோதனையின்றி மறுக்கின்றனர். இவ்விரண்டு சோம்பல்களுக்கும் இடையிலேதான் உமிச் சாம்பல் வீதியோரத்திற் கிடக்கின்றது. கழிவைத் தோற்றுவிப்பவரே அதன் தன்மையை நிறுவிக் காட்டும் கடமையையும் செலவையும் ஏற்கவேண்டும் என்ற விதி நிலைபெறும் வரையில், மீள்பயன்பாடு என்பது ஆலை முற்றத்துக் குப்பையை ஏழையின் சுவருக்கு மாற்றும் தந்திரமாகவே முடியும்.

சாம்பலின் வலிமை

ஏளனஞ் செய்வோரின் வாதத்தை முதலில் நோக்குதல் தகும். சாம்பலும் கசடும் கட்டடத்துக்கு உதவா என்பது வரலாற்றுக்கும் இரசாயனவியலுக்கும் ஒருங்கே முரணானது. இத்தாலியின் பொற்சுவோலி என்னும் ஊரின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து உரோமர் துறைமுகங்களை அமைத்தனர். கடலலையின் தாக்குதலுக்கு ஈராயிரம் ஆண்டுகள் ஈடுகொடுத்து அவற்றின் எச்சங்கள் இன்றும் நிற்கின்றன. தமிழகத்திலும் ஈழத்திலும் சீமெந்து அறிமுகமாவதற்கு முன்னர் வாழ்ந்த கொத்தர்கள், சூளையில் உடைந்துபோன செங்கல்லை இடித்துப் பொடியாக்கிச் சுண்ணாம்புச் சாந்தோடு சேர்த்தனர். உடைந்த கல்லைக் கழித்தெறியாது சாந்தின் வலிமைக்கு உறுதுணையாக்கிய அவர்களது அறிவுக்கும், இன்றைய ஆய்வுகூடங்களிற் பேசப்படும் கோட்பாட்டுக்கும் அடிப்படை ஒன்றே.

அவ்வடிப்படையைச் சுருங்கக் கூறலாம். சீமெந்து நீரோடு தாக்கமுறுகையில், கட்டடத்துக்கு வலிமை தரும் கல்சியம் சிலிக்கேற்றுப் பிணைப்பு உண்டாகின்றது. அதனோடு கல்சியம் ஐதரொட்சைட்டு என்னும் எஞ்சிய சுண்ணாம்பும் தோன்றுகின்றது. இச்சுண்ணாம்பு வலிமைக்குப் பெரிதும் உதவுவதில்லை; நீரிற் கரைந்து வெளியேறி நுண்துளைகளுக்கும் இடமளிக்கின்றது. பளிங்குருப் பெறாத சிலிக்காவை நுண்ணிய தூளாகச் சேர்த்தால், அது இவ்வெஞ்சிய சுண்ணாம்போடு இணைந்து மேலும் பிணைப்புப் பொருளைத் தோற்றுவிக்கின்றது. துளைகள் அடைபடுகின்றன, உப்புநீர் உள்ளே புகுந்து கம்பியை அரிப்பது தடைப்படுகின்றது. கடற்காற்று வீசும் திருகோணமலைக் கரையோரக் கட்டடங்களுக்கு இதன் பயன் எத்தகையதென்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. எனினும் இவ்வினை மெதுவாகவே நிகழும். தொடக்க நாட்களிற் சாம்பல் கலந்த கலவையின் வலிமை குறைவாகவே இருக்கும். அதனை நீண்ட நாட்கள் ஈரமாக வைத்துப் பேணுதல் அவசியம். இவ்வுண்மையை அறியாத மேசன், மூன்றாம் நாளிற் சுவரைத் தட்டிப் பார்த்து, 'சரக்குச் சரியில்லை' என்று முடிவுகட்டுகின்றான். குறை சரக்கினதா, அதனை அவனுக்குக் கற்பியாதோரினதா என்பது ஆராயற்பாலது.

இரும்பு உருக்கும் உலையிலிருந்து வழியும் கசடை நீரிற் குளிர்வித்துப் பொடியாக்கினால் அது சீமெந்துத் தன்மை பெறும் என்பதனை 1862-இல் ஜேர்மனியைச் சேர்ந்த எமில் லாங்கன் கண்டறிந்தார். நிலக்கரி எரியும் மின்னிலையங்களின் பறக்குஞ் சாம்பல், 1948-இற்கும் 1953-இற்கும் இடையில் அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்திற் கட்டப்பட்ட ஹங்ரி ஹோர்ஸ் அணையிலே பேரளவிற் பயன்படுத்தப்பட்டது. உமிச் சாம்பலைச் சீமெந்துக்குரிய பொருளாக்கும் முறைகளை 1970-களில் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பி. கே. மேத்தா ஆராய்ந்து காப்புரிமை பெற்றார். 1920-களில் லூசியானாவிற் கரும்புச் சக்கையிலிருந்து சுவர்ப்பலகை செய்யும் தொழிலே எழுந்தது. ஆகவே இது நேற்று முளைத்த விந்தையன்று; ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகச் சோதிக்கப்பட்டுவரும் துறை. இலங்கையிற் கலப்புச் சீமெந்துக்கெனத் தனியான தரநிருணயமே உண்டு. நுரைச்சோலை அனல் மின்னிலையத்தின் சாம்பல் சீமெந்து ஆலைகளுக்குச் செல்கின்றது. சாம்பலை ஏளனஞ் செய்பவரின் வீட்டுத் தூணிலேயே சாம்பல் கலந்திருக்கக்கூடும் என்பது அவர் அறியாத செய்தி.

கந்தளாயின் கணக்கு

இனிக் கந்தளாயின் நிலையை எண்களால் அளந்து நோக்கலாம். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. உமியை எரித்தால் அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பல். எனவே நூறு தொன் நெல்லைக் குற்றும் ஆலை, தன் உமி முழுவதையும் எரிக்குமாயின் நான்கு தொன் சாம்பலைத் தோற்றுவிக்கும். நல்ல விளைச்சல் காணும் ஆண்டுகளில் இலங்கையின் நெல் உற்பத்தி 40 இலட்சம் தொன்னைத் தாண்டுகின்றது. அவ்வளவு நெல்லின் உமியும் எரிக்கப்படுமாயின் 1,60,000 தொன் சாம்பல் எஞ்சும். அச்சாம்பலின் பத்திலெட்டுப் பங்குக்கு மேற்பட்டது சிலிக்கா. தக்கவாறு எரித்து அரைத்தால் சீமெந்தின் பத்து முதல் இருபது வீதம் வரையான பகுதிக்கு அது ஈடாகும் என்பது பல நாட்டு ஆய்வுகள் கண்ட முடிவு.

கரும்பின் கதையும் இவ்வூருக்குப் புதியதன்று. 1960-களின் தொடக்கத்தில் அரசின் முயற்சியாற் கந்தளாயில் எழுந்த சீனி ஆலை, ஒரு தலைமுறைக் காலம் இயங்கி, 1990-களில் மூடப்பட்டது. பிழியப்படும் கரும்பின் நிறையில் நான்கிலொரு பங்குக்கு மேற்பட்டது சக்கை, அச்சக்கை ஆலையின் கொதிகலனுக்கே எரிபொருளாகின்றது, எஞ்சுவது சாம்பல். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடைபெற்ற ஆய்வுகள், சக்கைச் சாம்பலிலுள்ள எரியாத நார்களைச் சலித்தகற்றி எஞ்சியதை நுண்ணியதாக அரைத்தால் அது தரமான சீமெந்துத் துணைப்பொருளாகும் எனக் காட்டியுள்ளன. கந்தளாய் ஆலை இயங்கிய காலத்தில் அச்சாம்பலைப் பற்றி எவரும் இவ்வாறு எண்ணினாரல்லர். சீனி உற்பத்தி இலாபமா நட்டமா என்று கணக்கிட்டோர், சக்கையையும் சாம்பலையும் கணக்கேட்டின் எப்பக்கத்திலும் எழுதவில்லை. துணைப்பொருளை வீணென்று ஒதுக்கிய பின்னர் முதற்பொருளின் நட்டத்துக்காக அழுவது எத்தகைய கணக்கியல்?

இதே மாவட்டத்தின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். வடக்கே காங்கேசன்துறையில் உள்நாட்டுச் சுண்ணக்கல்லைக் கொண்டு 1950 முதல் இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990-இற் போரினால் நின்றுபோயிற்று. 1980-களிற் சீனன்குடாவில் எழுந்த சீமெந்து ஆலையோ வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் கிளிங்கரை அரைத்தே சீமெந்தாக்குகின்றது. கிளிங்கர் என்பது சுண்ணக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வெப்பத்திற் சுட்டுப் பெறுவது. ஒரு தொன் கிளிங்கர் உண்டாகும்போது முக்கால் தொன்னுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டு வளியிற் கலக்கின்றது. மேலும் அது அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கும் பண்டம். 2022-இன் பொருளாதார நெருக்கடியில் ஓராண்டுக்குள் சீமெந்தின் விலை இருமடங்கானபோது, அரைகுறையாக நின்ற வீடுகளின் சுவர்களே அதற்குச் சான்று பகர்ந்தன. கிளிங்கர் கடல்கடந்து வருகின்றது. அதன் ஒரு பகுதிக்கு ஈடாகத்தக்க சாம்பல் சில மணிநேரப் பயணத் தூரத்தில் மழையிற் கரைகின்றது. இம்முரண்பாட்டைக் காணாத கண் பொருளியற் கண்ணுமன்று, பொறியியற் கண்ணுமன்று.

'செல்வம்' என்னும் சுலோகம்

இங்ஙனம் கூறுவதனால், சுலோகம் முழங்குவோரின் பக்கமே நியாயம் என்று முடிவுசெய்தல் தவறாகும். அவர்கள் மறைக்கும் உண்மைகள் ஏளனஞ் செய்வோரின் அறியாமையிலும் ஆபத்தானவை.

முதலாவதாக, உமிச் சாம்பல் என்பது ஒரே தன்மையுடைய பொருளன்று. உமி 700 பாகைக்கு உட்பட்ட வெப்பத்தில் அடக்கமாக எரியுமாயின் அதன் சிலிக்கா பளிங்குருப் பெறாது, சுண்ணாம்போடு இணையும் ஆற்றலுடன் விளங்கும். வெப்பம் அதற்கு மேல் உயர்ந்து நீடிக்குமாயின் சிலிக்கா பளிங்குருவாகின்றது. இணையும் ஆற்றலை இழக்கின்றது. அதுமட்டுமன்று. பளிங்குருச் சிலிக்காவின் நுண்தூசு நுரையீரலிற் படிந்து சிலிக்கோசிசு என்னும் தீரா நோயைத் தருவது. அதனைப் புற்றுநோய்க் காரணிகளின் முதற் பிரிவிற் சருவதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 1997-இற் சேர்த்தது. குவியலாகக் கொட்டித் தீமூட்டப்பட்ட உமியின் நடுப்பகுதி எவ்வெப்பத்தில் எரிந்ததென்பதை எவர் அறிவார்? சாம்பலின் நிறம் சில குறிப்புகளைத் தரலாம்; உறுதியைத் தருவது ஆய்வுகூடமே. நற்சாம்பலையும் தீச்சாம்பலையும் ஒரே சாக்கில் அள்ளி, முகக்கவசமும் இல்லாத கூலியாளிடம் அரைக்கக் கொடுத்து, அதனைப் 'பசுமைக் கட்டுமானம்' என்று அழைப்பது மொழிக்கும் மனிதனுக்கும் இழைக்கும் அநீதியாகும்.

இரண்டாவதாக, மீள்பயன்பாடு என்ற சொல்லே கொட்டுதலுக்குரிய உரிமப் பத்திரமாக மாறிய வரலாறு கண்முன் உள்ளது. தூத்துக்குடியில் இயங்கிய ஸ்டெர்லைட் செப்பு உருக்காலையின் கசடு, மணலுக்கு மாற்றாகவும் நிலத்தை மேடாக்கும் பொருளாகவும் பேசப்பட்டது. பொறியியல் நோக்கில் அதற்கு ஆதாரங்களும் இல்லாமலில்லை. ஆனால் உப்பாற்றின் கரையிற் குவிக்கப்பட்ட அக்கசடு அகற்றப்படவில்லை என்பதனையும் ஒரு காரணமாகக் காட்டியே, 2018-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவ்வாலையின் இயக்க அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அவ்வாண்டு மே 22ஆந் திகதி ஆலைக்கெதிராகத் திரண்ட மக்கள்மீது நிகழ்ந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 பேர் மாண்டனர். 2024 பெப்ரவரியில் இந்திய உச்சநீதிமன்றமும் ஆலையைத் திறக்கக் கோரிய மனுவை ஏற்க மறுத்துவிட்டது. கசடு பயனுள்ள பொருளாயிருக்கலாம். ஆற்றங்கரையிற் குவிந்து கிடக்கும் கசடு எவ்வகையிற் 'பயன்பாடு' ஆகும்?

இந்தியாவின் பறக்குஞ் சாம்பற் புள்ளிவிவரங்களும் இதே பாடத்தையே புகட்டுகின்றன. 1999-இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட அறிவித்தல், அனல் மின்னிலையங்களிலிருந்து 50 கிலோமீற்றர் சுற்றளவிற் செய்யப்படும் செங்கற்களில் 25 வீதம் சாம்பல் சேரவேண்டுமென விதித்தது. பின்னர் அச்சுற்றளவு படிப்படியாக விரிவாக்கப்பட்டது. 1990-களின் நடுப்பகுதியில் சாம்பலிற் பத்திலொரு பங்களவே பயன்பட்டது. 2020-களின் தொடக்கத்திலோ பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட பங்கு பயன்பட்டதாகக் கணக்குக் காட்டப்பட்டது. சட்டத்தின் வெற்றியென்று இதனைப் போற்றுமுன், 'பயன்பாடு' என்னும் தலைப்பின்கீழ் அடங்குவன யாவை என்று வினவுதல் வேண்டும். சீமெந்தும் செங்கல்லும் அதில் அடங்கும். சுரங்கக் குழிகளை நிரப்புதலும் தாழ்நிலங்களை மேடாக்குதலும் அதிலேயே அடங்கும். செங்கல்லாகிச் சுவரில் ஏறிய சாம்பலும், குழியில் இறங்கி நிலத்தடி நீரைத் தொட்ட சாம்பலும் ஒரே நிரலிற் கூட்டப்படும்போது, எண் உயர்கின்றது, உண்மை தாழ்கின்றது. சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் மின்னிலையச் சாம்பல் கசிந்து படிந்ததனால் மீனவர் உற்ற இழப்பை எந்நிரலில் எழுதுவது?

மூன்றாவதாக, கட்டடப் பொருளின் தீமை கட்டியவுடன் புலனாவதில்லை. சுவீடனில் 1929 முதல் 1975 வரை படிகாரக் களிப்பாறையைக் கொண்டு நீலக் கொங்கிறீற்று என்னும் இலேசான கட்டடக்கல் உற்பத்தி செய்யப்பட்டது. எரித்த பாறையே அதன் மூலப்பொருள், மலிவானது, வெப்பத்தைத் தடுப்பது. இலட்சக்கணக்கான குடிமனைகளில் அது இடம்பெற்றது. அப்பாறையில் இருந்த யுரேனியத்தின் வழித்தோன்றலாய் ரேடன் வாயு வீடுகளினுள்ளே கசிவதும், அது நுரையீரற் புற்றுநோய்க்கு ஏதுவாவதும் தெளிவானபோது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. செல்வமும் விஞ்ஞானமும் மிக்க நாடொன்றுக்கே இந்நிலையாயின், ஆய்வுகூடம் ஒன்றைத் தேடிப் பல மணிநேரம் பயணஞ் செய்யவேண்டிய மாவட்டத்தின் நிலை என்னவாகும்? உரத் தொழிற்சாலைகளிற் கழிவாகும் பொசுபோஜிப்சமும் கதிரியக்கத் தனிமங்களைத் தாங்கி வரக்கூடியது. நிலக்கரிச் சாம்பல் ஆசனிக்கு, இரசம் முதலியவற்றைத் தாங்கி வரக்கூடியது. உமிச் சாம்பல் இவற்றோடு ஒப்பிடுகையில் தூயது. எனினும் 'கழிவு யாவும் செல்வம்' என்னும் சுலோகம் இவ்வேறுபாடுகள் அனைத்தையும் ஒரே துடைப்பத்தாற் கூட்டித் தள்ளிவிடுகின்றது. எல்லாவற்றையும் செல்வம் என்பவர் எதனையும் எடைபோட்டுப் பாராதவரே.

முதலிற் சோதிக்கப்படுவது யார் வீடு?

இவ்விடத்தில் அரசியற் கேள்வியொன்று எழுகின்றது. புதிய பொருளொன்று அறிமுகமாகும்போது அது முதலில் யாருடைய சுவரில் ஏறுகின்றது? அமைச்சரின் இல்லத்திலா, வங்கியின் தலைமையகத்திலா, பல்கலைக்கழக மண்டபத்திலா? அன்று. 'குறைந்த செலவு வீடமைப்பு' என்ற பெயரில் மீள்குடியேறியோரின் வீட்டிலேயே அது முதன்முதலாக ஏறுகின்றது. போருக்குப் பின்னர் வடக்கு கிழக்குக்கென 65,000 உருக்கு வீடுகள் முன்மொழியப்பட்டமையை நினைவுகூர்தல் தகும். 2016-இல் அத்திட்டம் கடுஞ் சர்ச்சைக்குள்ளாயிற்று. இம்மண்ணின் வெப்பத்துக்கும் மக்களின் வாழ்முறைக்கும் அவ்வீடுகள் ஏற்றனவா என்ற ஐயத்தை மக்கள் பிரதிநிதிகளும் பொறியியலறிஞரும் எழுப்பினர். குடியிருக்கப் போகிறவரைக் கேளாது அவருக்கு வீடு தெரிவுசெய்யும் மனப்பாங்கே அங்கு கண்டிக்கப்பட்டது. அதே மனப்பாங்கு சாம்பற் கல்லின் வடிவில் மீண்டும் வருமாயின், கல்லின் நிறம் பசுமையென்று கூறுவதனால் மட்டும் அது நியாயமாகிவிடாது.

திருகோணமலை மாவட்டம் இவ்வினாவை அயலிலிருந்து நோக்கும் மாவட்டமுமன்று. 2006-இற் போரினால் இடம்பெயர்க்கப்பட்ட சம்பூர் மக்களின் நிலத்தில் 500 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையம் ஒன்று அமைக்கத் திட்டமிடப்பட்டது. 2016-இல் அது கைவிடப்பட்டது. பின்னர் அப்பகுதிக்குச் சூரிய மின்திட்டம் வகுக்கப்பட்டது. நிலக்கரித் திட்டம் நிறைவேறியிருப்பின், கொட்டியாரக் குடாவின் கரையில் ஆண்டுதோறும் குவியும் சாம்பலுக்கு யார் பொறுப்பு என்பது இம்மாவட்டத்தின் அன்றாட வினாவாகியிருக்கும். நுரைச்சோலையில் 900 மெகாவாற்று மின்னிலையத்தின் அயலில் வாழ்வோர் அவ்வினாவோடுதான் வாழ்கின்றனர். உலர்ந்த பறக்குஞ் சாம்பல் சீமெந்து ஆலைக்கு விலையாகிறது. விலைபோகாத அடிச்சாம்பல் திறந்த வெளியிற் குவிகின்றது. காற்றுக் காலத்தில் அத்தூசு தம் தோட்டங்களிற் படிகின்றதென அயற்கிராம மக்கள் முறையிட்டுவந்துள்ளனர். நல்ல பாதி பண்டமாகவும் தீய பாதி ஊராரின் பங்காகவும் பிரிக்கப்படும் இவ்வேற்பாட்டை மீள்பயன்பாடு என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்? கழிவின் முழுமைக்கும் பொறுப்பேற்பவனுக்கே அதன் இலாபமான பகுதியை விற்கும் உரிமையும் உண்டு.

மறுப்போருக்கு மறுமொழி

இங்கு எழக்கூடிய ஆட்சேபங்கள் இரண்டு. சிறு ஆலை உரிமையாளர்மீது சோதனைச் செலவைச் சுமத்தினால் அவர் சாம்பலை விற்பதை விட்டு மீண்டும் ஓடையிலேயே கொட்டுவார் என்பது முதலாவது. இது நியாயமான அச்சமே. ஆயினும் கொட்டுவது இலவசமாகவும் சோதிப்பது செலவாகவும் இருக்கும் வரையிலேதான் இவ்வச்சத்துக்கு இடமுண்டு. ஓடையிற் கொட்டுவதற்கு விலை விதிக்கப்படுமாயின் சோதனை மலிவானதாகத் தோன்றும். மேலும் ஒவ்வோர் ஆலையும் தனித்தனி ஆய்வுகூடம் வைத்திருக்க வேண்டுமென்பதில்லை. கந்தளாய் போன்ற நெல்லாலை மையமொன்றில் ஆலைகள் கூட்டாக ஓர் எரியுலையையும் ஓர் அரைக்கும் இயந்திரத்தையும் பேணலாம். வெப்பத்தைக் கட்டுப்படுத்தி எரித்தால் வெப்பமும் நற்சாம்பலும் ஒருசேரக் கிடைக்கும். கூட்டுறவு இயக்கம் இந்நாட்டு மக்களுக்குப் புதியதன்று.

சாதாரண சீமெந்துக் கல்லே சோதிக்கப்படாதபோது சாம்பற் கல்லுக்கு மட்டும் ஏன் இத்துணைக் கெடுபிடி என்பது இரண்டாவது ஆட்சேபம். வீதியோரங்களில் அச்சிலிட்டு விற்கப்படும் கற்களிற் பல போதிய சீமெந்தின்றி, போதிய ஈரப்பேணலின்றி விற்பனைக்கு வருவது உண்மையே. கையால் விளிம்பை உரசினால் மணலாய் உதிரும் கல்லை அறியாதார் இலர். ஆனால் ஒரு குறையைக் காட்டி மற்றொரு குறைக்கு அனுமதி கேட்பது தர்க்கமாகாது. சாம்பற் கல்லுக்கு விதிக்கப்படும் சோதனை சீமெந்துக் கல்லையும் தழுவவேண்டும் என்பதே அதிலிருந்து பெறப்படும் முடிவு.

பொறுப்பின் ஒழுங்கு

கண்டனத்தோடு நின்றுவிடுதல் கட்டுரைக்கு அழகன்று. வேண்டப்படுவன யாவையென்பதும் கூறப்படல் வேண்டும். சாம்பல் விற்கப்படும் ஒவ்வொரு சாக்கிலும் அது எவ்வாலையிலிருந்து வந்தது, எவ்வாறு எரிக்கப்பட்டது, எரியாக் கரி எத்தனை வீதம் என்பன பொறிக்கப்படுதல் முதலாவது. எரியாக் கரி மிகுந்த சாம்பல் நீரை உறிஞ்சிக் கலவையைக் கெடுக்கும் என்பது மாணவர் அறிந்ததே. அதனை வாங்குவோனும் அறிதல் வேண்டும். சாம்பலை அள்ளுவோருக்கும் அரைப்போருக்கும் தூசுக் காப்பும் மருத்துவப் பரிசோதனையும் சட்டத்தால் உறுதிப்படுத்தப்படுதல் இரண்டாவது. புதிய கல்லால் எழும் முதற் கட்டடம் பொதுக் கட்டடமாக இருத்தல் மூன்றாவது: பிரதேச செயலகத்தின் களஞ்சியமாகவோ, அரச அலுவலரின் விடுதியாகவோ, பல்கலைக்கழகத்தின் சுற்றுமதிலாகவோ அது இருக்கட்டும். அங்கே சில மாரிகளையும் சில கோடைகளையும் தாங்கிய பின்னரே அது குடிமகனின் வீட்டுக்குப் போகவேண்டும்.

நான்காவது கடமை பல்கலைக்கழகங்களுக்குரியது. பேராதனையிலும் மொறட்டுவையிலும் பொறியியல் மாணவர் ஆண்டுதோறும் கட்டடப் பொருள்களைச் சோதிக்கின்றனர். கிளிநொச்சியிலும் ஒலுவிலிலும் இன்று பொறியியற் பீடங்கள் உள்ளன. கனவடிவக் கொங்கிறீற்றுக் கட்டிகள் 28ஆம் நாளில் நசுக்கப்படுகின்றன, வரைபுகள் வரையப்படுகின்றன, பட்டம் பெறப்படுகின்றது, அறிக்கை அலுமாரியில் உறங்குகின்றது. அவ்வறிக்கை ஆங்கிலத்தில் இருப்பதனாற் கந்தளாய் மேசனுக்கு அது எட்டுவதில்லை. அவனது ஐயங்கள் எழுத்தில் இல்லாமையால் விரிவுரையாளருக்கு அவை எட்டுவதில்லை. எச்சாம்பலை எவ்வளவு கலக்கவேண்டும், எத்தனை நாள் நீரூற்றவேண்டும், எதற்குப் பயன்படுத்தலாகாது என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் நாலு பக்கத்தில் எழுதி ஆலைக்கும் மேசனுக்கும் அளிக்காத ஆய்வு, ஆய்வாளரின் பதவியுயர்வுக்கு மட்டுமே உரியது. தமிழில் விஞ்ஞானம் எழுதுவது பற்றி மேடைகளிற் பேசப்படுவன ஏராளம். இந்நாலு பக்கம் எழுதப்படுமாயின் அப்பேச்சுகளில் ஒரு பகுதியேனும் மெய்ப்படும்.

கந்தளாய்க்கு இவ்விடயத்தில் தனியான ஒரு நினைவும் உண்டு. 1986 ஏப்ரல் 20ஆந் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல வீடுகளும் வயல்களும் அழிந்தன. நூற்றாண்டுகளாக நின்ற அணை நாளையும் நிற்கும் என்றெண்ணி முதல்நாள் இரவு உறங்கியோரில் எத்தனையோ பேர் மறுநாட் காலையைக் கண்டிலர். கட்டுமானத்தின்மீது வைக்கப்படும் நம்பிக்கை, அதனை இடையறாது சோதித்துக் காப்போரின் உழைப்பினாலேயே நியாயம் பெறுகின்றது என்பதனை இவ்வூர் உயிர்களை விலையாகக் கொடுத்து அறிந்துள்ளது. அணைக்குப் பொருந்தும் உண்மை சுவருக்கும் பொருந்தும்.

உமிச் சாம்பல் வீணாகக் கிடப்பது நாட்டுக்கு நட்டம். அது சோதிக்கப்படாது சுவரேறுவது குடியிருப்போருக்குக் கேடு. இவ்விரண்டினுள் ஒன்றைத் தெரிவுசெய்யுமாறு மக்களை வற்புறுத்துவோர், தாம் செய்யவேண்டிய வேலையைச் செய்யாதோரே. நெல்லை விற்றவர் விலையைப் பெற்றார்; அரிசியை விற்றவர் இலாபத்தைப் பெற்றார்; சாம்பலை மட்டும் ஊருக்குப் பொதுவென்று விட்டுச்செல்லும் உரிமையை ஆலைக்கு எவரும் வழங்கவில்லை. அச்சாம்பல் நல்லதென்று நிறுவிக் காட்டும் சுமையை ஆலை ஏற்கட்டும். அளந்து சொல்லும் சுமையைப் பல்கலைக்கழகம் ஏற்கட்டும். முதற் சுவராக நின்று தாங்கும் சுமையை அரசின் கட்டடம் ஏற்கட்டும். அதன் பின்னர் குடியானவன் தன் பணத்தைக் கொடுத்து அக்கல்லை வாங்குவதா விடுவதா என்று தானே தீர்மானிப்பான்.